சந்தியாகுவின் ருசி ஊருக்குப் போனது

டி.வி. இருக்கிற வீடுகளிலெல்லாம் செஃப் சாண்டியாகோ என்றும், பிறந்த தெருவில் மட்டும் தோணி சந்தியாகு என்றும் அறியப்பட்டவரின் நாக்கிலிருந்து ருசி கிளம்பிப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரலையில், மாங்காய் போட்ட சாளை மீன் குழம்பைக் கரண்டி நுனியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு அவர் நக்கிப் பார்த்தபோது, புளிப்பு இல்லை, உறைப்பு இல்லை, உப்பும் இல்லை. வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று நாக்கின் மேல் சற்று நேரம் கிடந்து, பிறகு தொண்டைக்குள் இறங்கிப் போனது. பழகிய முகம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. கண்ணை மூடினார், தலையை மெல்ல ஆட்டினார், "அடடா" என்றார். அரங்கில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ருசி காணாமல் போய்விடவில்லை. அந்நேரம் அது தூத்துக்குடியில், கடற்கரைக்குச் சற்றுத் தள்ளிய ஒரு தெருவில், பூசை பார்த்துவிட்டு வந்து இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஈரத்துணியைக் கொடியில் உதறிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் வாயில் போய் விழுந்திருந்தது. ஜெசிந்தா நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்:

"எக்கா, யார் வீட்டுல மாங்கா போட்டுச் சாளக் குழம்பு வைக்காவ? என் வாயில வந்து விழுது. மல்லி கூடிப்போச்சு."

பக்கத்து வீட்டு லூர்தா டி.வி. முன்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். திரையில் சந்தியாகு கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். லூர்தா அவரைப் பார்த்தாள், ஜன்னல் வழியே ஜெசிந்தாவைப் பார்த்தாள், பிறகு கீரையை உருவுவதில் மறுபடி முனைந்தாள். அதில் ஆச்சரியப்பட ஏதும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அந்தத் தெருவில் அவள் வயதுக்காரர்கள் எல்லாருக்குமே அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ஏனென்றால், சந்தியாகு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற தோணியில் பண்டாரியாக, அதாவது ஆட்களுக்குச் சோறு பொங்குகிறவராக இருந்த காலத்தில், கரை இறங்கியதும் முதலில் போனது தன் வீட்டுக்கு அல்ல, ஜெசிந்தாவின் வீட்டுக் கொல்லைப்புறச் சுவருக்குத்தான். மாலத்தீவு மாசிக் கருவாட்டையும் கொழும்புக் கறுவாப்பட்டையையும் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, தன் அம்மாவின் அடுப்பில் எதையாவது சமைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றிச் சுவருக்கு மேலே நீட்டுவார். ஜெசிந்தா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உப்பு கூடவா குறைவா என்று மட்டும் சொல்லிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பாள். அவளுடைய அப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்ததால், கடலில் போகிறவனைக் கட்டமாட்டேன் என்றாள். சரி என்று சந்தியாகு கரையில் ஒரு வேலை தேடி பம்பாய்க்கு ரயில் ஏறினார். ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, அடுப்புக்கு வந்து சேருவதற்குள் ஜெசிந்தாவின் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள். கண்மூடுவதற்குள் மகளைக் கழுத்தில் தாலியோடு பார்க்க வேண்டும் என்றாள். ஐஸ் பிளாண்டில் வேலை பார்த்த தொம்மைக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். இதில் யார்மேலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பம்பாயிலிருந்து துபாய், துபாயிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து டி.வி. என்று சந்தியாகு போனார். ஜெசிந்தா பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டாள்.

அந்தத் தெரு அதிசயத்தை எப்படி வாங்கிக்கொண்டது என்பதெல்லாம் சந்தியாகுவுக்குப் பிற்பாடு தொம்மையின் வாயால் தெரியவந்தது. முதலில் லூர்தா வந்து பார்த்தாள். அடுத்த ஞாயிறு அவளுடைய நாத்தனார்கள் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு ஜெசிந்தாவின் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லை. டி.வி.யைப் பாதிப் பேர் பார்த்தார்கள், ஜெசிந்தாவின் முகத்தைப் பாதிப் பேர் பார்த்தார்கள். அவள் பெயர் தெரியாத ருசிகளையெல்லாம் விவரித்துச் சொல்ல, கப்பலில் உலகம் சுற்றிவிட்டு வந்து ஓய்ந்திருந்த கொரேரா மாமா சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, இது ஒலிவக்காய், இது வெள்ளாட்டுப் பால்கட்டி, இது பிரெஞ்சுக்காரன் வைக்கிற வெங்காய சூப்பு என்று பெயர் சொல்லிக்கொடுப்பார். கொஞ்ச நாளில் அந்தத் தெருப் பெண்கள், பார்த்தேயிராத ஒலிவக்காயைப் பற்றி மீன் சந்தையில் நின்று, அது ஊறவைத்த நெல்லிக்காய்க்குத் தங்கச்சி முறை என்று விளக்கம் சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

ஜெசிந்தா டாக்டரிடம் போனாள். சந்தியாகு சாப்பிடுகிற இனிப்பால் தனக்குச் சர்க்கரை கூடுமா என்றுதான் அவளுடைய கேள்வி. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுக் கூடவில்லை என்றார், அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அடுத்த வாரம் தன் சம்சாரத்தை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அனுப்பிவைத்தார். பிறகு தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமையன்று, கஞ்சியும் துவையலுமாகச் சுத்தபத்தமாக உட்கார்ந்திருந்தவளின் வாயில் ஆட்டுக்கறி வந்து விழுந்துவிட, ஜெசிந்தா அழுதுகொண்டு பங்குச்சாமியாரிடம் ஓடினாள். சாமியார் ஒரு வாரம் யோசித்தார். தின்றது அவர், ருசித்தது நீ. தின்னாதவருக்குப் பாவம் இல்லை. ஆனாலும் நல்லாயிருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிவிடாதே என்று தீர்ப்புச் சொன்னார். அதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது என்று ஜெசிந்தா லூர்தாவிடம் சொன்னாளாம்.

தொம்மை மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் ஐஸ் பாளங்களை உடைத்து உடைத்துக் கை மரத்துப்போன மனிதர், பேச்சும் கொஞ்சம் மரத்ததுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறையில் கூட்டம் சேர்ந்ததும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் போய்விடுவார். தன் பெண்டாட்டியின் வாயில் இன்னொருவனின் சாப்பாடு இருப்பதைப் பற்றி டீக்கடையில் யாரோ சிரித்தபோது, அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தார் என்றும், அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

சென்னையில் சந்தியாகுவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் டாக்டர்களைப் பார்த்தார். நாக்கில் பழுதில்லை, மூக்கில் பழுதில்லை, ஓய்வெடுங்கள் என்றார்கள். மணம் வந்தது, ஆனால் வாசல்வரை வந்த விருந்தாளி உள்ளே வராமலே திரும்பிப் போவதுபோல வந்துவிட்டுப் போனது. யாரிடமும் சொல்லாமல் அவர் சமைத்துக்கொண்டேயிருந்தார். எண்ணெய் பிரிகிற விதத்தைக் கண்ணால் பார்த்தார், வெங்காயம் பொன்னிறமாவதைக் காதால் கேட்டார், உப்பைப் பழைய ஞாபகத்தில் விரல்களுக்கே விட்டுவிட்டார். அவரை உண்மையாகவே உடைத்தது என்னவென்றால், யாருக்குமே வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான். பெரிய ஓட்டல்களில் அவர் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் முன்பு சொன்ன அதே வார்த்தைகளை, அதே முகத்தோடு சொன்னார்கள். அப்படியானால் இத்தனை வருஷமும் அவர்கள் சாப்பிட்டது எதை, தான் சமைத்தது யாருக்கு என்று அவர் ஒவ்வொரு நாளும் தன்னையே கேட்டுக்கொண்டார்.

சமையல் என்றால் என்ன என்று பேட்டிகளில் கேட்பார்கள். அன்பு என்று சொல்லுவார். அது சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில், சொல்லும்போது வாய் மட்டும்தான் அசையும். ஆனால் அந்த மாதங்களில் சோபாவில் படுத்துக்கொண்டு அவர் நினைத்துக்கொண்டதெல்லாம் தோணியின் அடுப்பைத்தான். மரப்பெட்டியில் மணலை நிரப்பி அதன் மேல் கல்லைக் கூட்டிய அடுப்பு. தோணி சாயும்போது உலையும் கூடவே சாயும், சந்தியாகு ஒரு காலைப் பெட்டிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, சாயாமல் நிற்கிற ஒரே பொருளாகத் தன் கையிலிருந்த அகப்பையைப் பிடித்திருப்பார். நல்ல தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து சோறு வடிப்பார். பாய் இறக்கிவிட்டு நனைந்து, நடுங்கி வருகிற ஆட்கள் தட்டை நீட்டும்போது அவர்கள் கண்ணில் பசி மட்டும்தான் இருக்கும். அந்தக் கண்களைப் பார்த்துச் சமைத்த வரைக்கும் தனக்குச் சமைக்கத் தெரிந்திருந்தது என்று அவருக்குத் தோன்றியது. காற்று அடங்கிய சாயங்காலத்தில் கருவாட்டைத் தணலில் சுடும்போது எழும் வாசனையும், அதற்காக எங்கிருந்தோ வந்து பாய்மரத்தில் உட்காருகிற ஒற்றைக் கடற்புறாவும், தூரத்தில் மங்கலாகத் தெரிகிற கொழும்பின் விளக்குகளும் நினைவில் வரவர, தட்டில் இருக்கிற எதன் மேலும் ஆசை இல்லாமல் போனது. காலையில் கறுப்புக் காபியும் மாத்திரையும், மதியம் ஒன்றுமில்லை, நிகழ்ச்சியில் நக்கிப் பார்க்கிற ஒரு கரண்டிதான் சாப்பாடு. கடைசியில் காபியும் நின்றுபோனது.

தூத்துக்குடியில் ஜெசிந்தாவின் வாய் வெறுமையாகிப் போனது.

அவளுடைய சொந்த ருசி அப்படியேதான் இருந்தது. தான் தின்றது தனக்குத் தெரியத்தான் செய்தது. ஆனால் அதற்கு மேலே ஒரு படலமாக எந்நேரமும் வந்துகொண்டிருந்த அவருடைய சாப்பாடு நின்றதும், பக்கத்து வீட்டில் சத்தம் நின்றுபோனால் காது கூர்மையாவதுபோல, அவளுக்கு வேறு எதிலும் மனசு போகவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மாத்திரையின் கசப்பு மட்டும் காலையில் ஒரு தடவை வந்தது, மறுநாள் அதுவும் வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தொம்மைக்குச் சொல்ல வேண்டியதாக இருக்கவில்லை. அவர் ஐஸ் பிளாண்டில் லீவு சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினார்.

காலையில் கதவைத் திறந்த சந்தியாகு, பம்பாய்க்குப் போவதற்கு முன்பு பார்த்த முகத்தை, அதன் மேல் ஏறியிருந்த வயசோடு சேர்த்து அடையாளம் கண்டுகொண்டார். தொம்மை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, ஒரு முழு ஓட்டலுக்குச் சமைக்கலாம் போலிருந்த அந்த அடுக்களையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பு துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"சந்தியாகு, நீ சாப்பிடாததுனால என் வீட்ல அவ சாப்பிட மாட்டேங்கா" என்றார். "அதச் சொல்லத்தான் வந்தேன்."

பிறகு நடந்ததையெல்லாம், சாளைக் குழம்பிலிருந்து பங்குச்சாமியாரின் தீர்ப்பு வரைக்கும், அவருக்கே உரிய நிதானத்தில் சொன்னார். தொலைந்த பொருள் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்த மனிதனுக்கு வருகிற நிம்மதிதான் சந்தியாகுவுக்கு முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. இவ்வளவு நாளும் தான் எப்படியெல்லாம் சாப்பிட்டோம், எதையெல்லாம் குடித்தோம் என்று யோசித்துத் தலையைக் குனிந்துகொண்டார். தொம்மை சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்குப் போட்டு, ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தார். பிறகு ஏதாவது ஒன்றை வாயில் போடு என்று சந்தியாகுவிடம் கைகாட்டினார். கைக்கு எட்டிய ஒரு பாட்டிலைத் திறந்து சந்தியாகு அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து மென்றார்.

போனில் சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஜெசிந்தாவின் குரல் வந்தது; வயசானாலும் அதே குரல்.

"எலுமிச்சங்கா ஊறுகா. கெட்டுப்போச்சு. தூரப் போடச் சொல்லுங்க." கொஞ்சம் பொறுத்து, "நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள்.

அன்று மதியம் சந்தியாகு சோறு பொங்கினார். தொம்மைக்குப் பிடித்ததைக் கேட்டு, நெத்திலிக் கருவாட்டைக் கத்தரிக்காயோடு போட்டு ஒரு குழம்பு வைத்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சந்தியாகு ருசி தெரியாமலேதான் சாப்பிட்டார். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் எங்கோ ஒருத்தி தலையை ஆட்டுகிறாள் அல்லது முகத்தைச் சுளிக்கிறாள் என்ற நினைப்பில், சின்ன வயசில் முதன்முதலாகத் தோணியில் உலை வைத்த அன்றைக்கு இருந்த பயம் திரும்பி வந்து, கூடவே பசியும் வந்தது.

அதற்குப் பிறகு அவர் சாப்பிட்ட சாப்பாடெல்லாம் அவருடையது அல்ல. அவள் மதியம் சாப்பிட உட்காருகிற நேரத்தில் அவரும் உட்கார்ந்தார், அவளுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் ரசஞ்சோற்றோடு நிறுத்திக்கொண்டார், வெள்ளிக்கிழமைகளில் கறி தொடவில்லை, குடியை விட்டார், கிறிஸ்துமஸ் காலையில் மக்ரூன் இனிப்பை நாக்கில் வைத்துக் கரையும்வரைக்கும் அசையாமல் இருந்தார். நேரலையில் ஒரு பாத்திரத்தை இறக்குவதற்கு முன்னால் கரண்டியை நக்கிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற போனை அவர் ஒரு கணம் பார்ப்பது எல்லாருக்கும் பழகிவிட்டது. லூர்தாதான் ஜெசிந்தா சொல்லுவதைச் செய்தியாக அனுப்புவாள்: புளி கூட, மல்லி போதும், இறக்கலாம். அவர் அப்படியே செய்தார். கொஞ்ச நாளில், செஃப் சாண்டியாகோவின் கை மாறிவிட்டது, வீட்டுச் சமையல் மாதிரி ஆகிவிட்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சமையல் என்றால் என்ன என்று அவரிடம் மறுபடியும் கேட்டபோது, அன்பு என்று சொல்லாமல் அவர் கொஞ்சம் யோசித்தார். "இன்னொருத்தர் வாய ஞாபகம் வச்சுக்கிட்டே இருக்கிறது" என்றார். நிகழ்ச்சி நடத்தியவருக்கு அது புரியவில்லை. தூத்துக்குடியில் முன்னறையில் கூடியிருந்தவர்களுக்கு நன்றாகவே புரிந்தது, அவர்கள் ஜெசிந்தாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

ஒரு வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்கு, தொம்மை கூப்பிட்டதால், அவர் ஊருக்கு வந்தார். சப்பரம் போய் முடிந்ததும் தெருவே அவரை ஜெசிந்தாவின் வீட்டுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் வந்தது: ஓலைக்கொழுக்கட்டை, வட்டிலப்பம், சீலாக்கருவாட்டு வறுவல், பொரித்த பரோட்டா. அவர் வாயில் ஒவ்வொன்றையும் ஊட்டாத குறையாக வைத்துவிட்டு, அத்தனை பேரும் ஒரேசேரத் திரும்பி, அடுக்களை வாசலில் முந்தானையைப் பிடித்தபடி நின்ற ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே, இது மரியா வீட்டுது, வெல்லம் கூட. இது சில்வியா வீட்டுது, எண்ணெ பழசு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவரும் அவளும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். முன்பு சுவருக்கு மேலே 'நீ' என்று கூப்பிட்டவள், இப்போது தண்ணீர்ச் செம்பை நீட்டும்போது 'நீங்க' என்றாள்.

"சமைக்கையில என்னத்த நெனச்சிக்கிடுவீங்க?"

சந்தியாகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொம்மையைப் பார்த்தார். "தோணியில இருக்கையில பசிய நெனச்சேன். ஓட்டல்ல பேர நெனச்சேன்" என்றார். தண்ணீரைக் குடித்தார். "இப்ப உப்ப மட்டும் நெனக்கிறேன்."

சரிதான் என்று தலையை ஆட்டிவிட்டு அவள் உள்ளே போனாள். தொம்மை அவருடைய தட்டில் இன்னொரு கொழுக்கட்டையை எடுத்து வைத்தார்.

அப்படியே வருஷங்கள் போயின. நிகழ்ச்சி நின்றது, வேறு முகங்கள் வந்தன, சந்தியாகுவின் தலை முழுக்க நரைத்தது. ஒரு மதியம், வழக்கமான நேரத்தில், விளமீன் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார், எப்போதும்போல ஒன்றுமில்லை. இரண்டாவது கவளத்தை வைத்தபோது, புளிப்பும் உறைப்பும் உப்பும் மீனின் இளம் இனிப்பும், திருவிழாக் கூட்டம் வாசலைத் தள்ளிக்கொண்டு வருகிறாற்போல ஒன்றாக நாக்கில் வந்து இறங்கின. அவர் அதை விழுங்கவில்லை. விழுங்காமல் இருந்தால், மெல்லாமல் இருந்தால், அது வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்பதுபோல வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வடிய உட்கார்ந்திருந்தார். அந்த ருசியை அவர் எவ்வளவு காலமாகத் தேடியிருக்கிறாரோ அவ்வளவுக்கு இப்போது வேண்டாம் என்று இருந்தது. பிறகு போன் அடித்தது. தொம்மை என்று தெரிந்தது.

அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது அவளைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் திரும்பி வந்து, வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அழுது ஓய்ந்து அங்கங்கே சாய்ந்த பிறகும், தொம்மை ஒரு பருக்கை தொடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யார் கேட்டாலும் கையை ஆட்டி மறுத்தார். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் சந்தியாகு லூர்தாவின் அடுக்களைக்குப் போனார். அரிசியை நொய்யாக உடைத்துக் கஞ்சி காய்ச்சினார், சாளைக் கருவாட்டைச் சுட்டார், தேங்காயும் மிளகாய் வற்றலும் வைத்துத் துவையல் அரைத்தார். கஞ்சியை நக்கிப் பார்த்தார். நாக்கு அவருடையதுதான், ருசி தெரிந்தது, ஆனாலும் அதை நம்பப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இத்தனை வருஷம் எந்த இடத்தில் 'போதும்' என்று செய்தி வந்ததோ அந்த இடம்வரைக்கும் உப்பைப் போட்டு, அங்கேயே கையை நிறுத்திக்கொண்டார்.

தட்டைக் கொண்டுவந்து தொம்மையின் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தொம்மை நெடுநேரம் தட்டைப் பார்த்தார். பிறகு ஒரு வாய் அள்ளிக் குடித்தார், துவையலைத் தொட்டுக்கொண்டார், கருவாட்டில் ஒரு துண்டைப் பிய்த்து மெதுவாக மென்றார்.

"உப்பு கம்மி" என்றார்.

சந்தியாகு எழுந்து உப்பு எடுத்துவரப் போனார். கல் உப்பை விரல்களில் எடுத்துக்கொண்டு குனிந்தபோது, தொம்மை மரத்துப்போன தன் கையை விரித்துத் தட்டை மூடிக்கொண்டார்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார். "அவ போட்ட மாதிரியே இருக்கு. அவளக் கெட்டிக் கூட்டியாந்த நாள்லருந்து கம்மிதான். ஒரு நாளும் நான் சொன்னதில்ல."